காய்ச்சல் விட்ட நாள்

முத்துக்குமரன் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி வழிகிற சத்தம் கேட்டதும் நிறுத்தினான். அரை லிட்டர் பாலில் பாதியைக் காய்ச்சி டீ போட்டான். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தான். நாளைக்கு அதைக் கொட்டுவான். சின்னப் பாக்கெட்டாக வாங்கலாம் என்று ஏழு மாதமாக அவனுக்குத் தோன்றவில்லை. குளித்தான். கொடியில் கிடந்த சட்டையை இஸ்திரி போடாமலே மாட்டிக்கொண்டான். வில்லாபுரத்து மாடி வீட்டைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

கே.கே. நகரில் ஒரு கோச்சிங் சென்டர். வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அவன் அங்கே ரீசனிங் எடுக்கிறான். எதிலிருந்து எது பெறப்படும், எது பெறப்படாது என்பதுதான் பாடம். அடுத்த அறையில் சாய்பிரசாத் கணக்கு எடுப்பான். பத்து வருஷ சிநேகிதன். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் காலை மாலை பூஜை நடக்கும், இவன் மட்டும் சாமி இல்லை என்பான். முத்துக்குமரனும் அப்படித்தான். இருவரையும் ஒட்டவைத்ததே அந்தப் பேச்சுதான்.

இரண்டு அறைக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு. அன்று பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாளைக் கொடுத்துவிட்டு அவன் சும்மா நின்றிருந்தபோது சாய்பிரசாத்தின் குரல் தெளிவாகக் கேட்டது.

"எம்.எஸ்ஸி. மேத்ஸ் படிச்ச பொண்ணுப்பா. குரூப் ஃபோர் பாஸ் பண்ணி கவர்மென்ட் வேலை. டெங்கு வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேணாமான்னு சாமிகிட்ட பொட்டலம் போட்டுக் கேட்ருக்கு. ஒண்ணுல திருநீறு, ஒண்ணுல குங்குமம். குங்குமம் வந்துச்சாம், போக வேணாம்னு அர்த்தமாம். வீட்லயே இருந்துச்சு. மறுநாள் ஆள் இல்ல. படிப்பு வேற, புத்தி வேற. நோட்ல எழுதிக்கங்க."

"சார், இன்னொருக்கா போட்டுப் பாத்திருக்கலாம்ல" என்றான் யாரோ ஒருவன். வகுப்பு சிரித்தது.

இடைவேளையில் டீக்கடையில் முத்துக்குமரன் கேட்டான்.

"என் வீட்டுக் கதைய கிளாஸ்ல சொல்ற."

"பேரு சொல்லலையேடா."

"சொல்லாத."

"நாலு புள்ளைக திருந்தட்டுமேன்னுதான் குமரா. நானா கட்டிவிட்டேன்? நீ சொன்னதுதான?"

"ஆமா. நான் சொன்னதுதான்."

"பெறகு என்ன? வடையத் தின்னு. கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியா இல்லையா நீ?"

வடையைத் தின்றான். மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டுக் கோச்சடையில் மாமியார் வீட்டுக்கு வண்டியை விட்டான்.

பாண்டிமீனா முதலில் அவனுடைய மாணவி. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பாள். நெற்றியில் எப்போதும் ஒரு கீற்றுத் திருநீறு. ஒருநாள் அவன் வகுப்பில், புத்தி கூடக்கூட சாமி நம்பிக்கை குறையும் என்று வெளிநாட்டில் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"சார், அது சராசரிதானே? அதவச்சு இந்த ரூம்ல யாருக்கு எம்புட்டு புத்தின்னு சொல்ல முடியாதே?"

அந்த மாதத் தேர்வில் அவளுக்கு ரீசனிங்கில் ஐம்பதுக்கு ஐம்பது. அவனே ஐம்பதும் வாங்கியதில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம். அதன் பிறகும் வீட்டில் அவனைச் 'சார்' என்றுதான் கூப்பிடுவாள், பாதி கேலியாக. செவ்வாய்க்கிழமை விளக்கு வைப்பாள். அவன் வாய் பேசுவான். அவள் பதில் சொல்லித் தோற்றதில்லை. பாதியில் எழுந்து போய் அரிசி களைவாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள். டெங்குதான், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், வயிற்றுவலி வந்தால் மட்டும் உடனே வரணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்திருந்தது. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் முந்தின ராத்திரியே வயிறு வலிக்கிறது என்று சொல்லியிருந்தாள். இரண்டு தடவை வாந்தியும் எடுத்திருந்தாள்.

"வெறும் வயிறு. அதான் வலிக்குது" என்றான். "காய்ச்சல் இருந்தா நோய் இருக்கு. காய்ச்சல் விட்ருச்சு. அப்ப நோயும் விட்ருச்சு."

அவள் சுவரில் சாய்ந்தபடி அவனைப் பார்த்தாள். "இத ஒரு புள்ள பரீட்சையில எழுதுனா மார்க் போடுவீங்களா சார்?"

போடமாட்டான். வாரம் ஒரு தடவை பலகையில் எழுதி, பெரிதாகத் தப்புப் போட்டுக் காட்டுகிற கணக்கு அது. மழை பெய்தால் தரை நனையும். மழை பெய்யவில்லை, ஆகவே தரை நனையவில்லை. எவனாவது தண்ணீர் ஊற்றியிருக்கலாமே என்று அவனே கேட்பான். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. ஏழு மணி வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அவள் மெல்ல எழுந்து போய்த் தேதி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தாள். இரண்டாக மடித்துக் கிழித்து இரண்டு பொட்டலம் கட்டி, சாமி அலமாரியில் வைத்தாள்.

"திருநீறு வந்தா இப்பவே ஆஸ்பத்திரி. குங்குமம் வந்தா நான் வாயத் திறக்கல. நீங்களே எடுங்க. எது வந்தாலும் கேக்கணும், சரியா?"

"சரி" என்றான்.

எடுத்தான். பிரித்தான். திருநீறு.

"ரெண்டுல ஒண்ணு. இதெல்லாம் ஒரு ஆதாரமா?" என்றான். "பதினொரு மணிக்கு வந்துர்றேன். அப்பவும் வலிச்சாப் போவோம்."

அன்று இன்னொரு பேட்ச்சையும் சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். போனை சைலண்டில் போட்டிருந்தான். வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. அவள் கைகால் சில்லிட்டுக் கிடந்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் மதியம் எல்லாம் முடிந்தது.

வாசலில் கிடத்தியிருந்தபோது அவள் அம்மா முருகம்மாள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். ஏன் முன்னமே கொண்டுபோகவில்லை என்று கேட்டாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பொட்டலம் போட்டுப் பாத்தா. போக வேணாம்னு வந்துச்சு."

யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் சாமி கும்பிடுகிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோருக்கும் அது பொருத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் அலமாரியைத் துடைக்கும்போது மற்றப் பொட்டலம் விளக்குக்குப் பின்னால் கிடந்தது. பிரித்தான். அதிலும் திருநீறுதான்.

ஏழு மாதமாக அதைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறான். சாமியை நம்புகிறவள் சாமி முன்னால் கள்ளப் பொட்டலம் வைப்பாளா? நம்பாதவள் அலமாரிக்குப் போவாளா? கொடுத்த தகவல்களிலிருந்து எதுவும் பெறப்படாது. ஒன்று மட்டும் நிச்சயம். அவனிடம் நேராகச் சொன்னால் நடக்காது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு சரி.

கோச்சடையில் முருகம்மாள் அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்தாள். நாற்று நட்ட கை; மகள் படித்து முடிக்கும் மட்டும் வயலில் கிடந்தவள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா.

"வாங்க மாப்ள. சாப்டீகளா?"

"ஆச்சு அத்தை."

சுவரில் மூன்று சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. சாமி படங்கள் மாட்டியிருந்த இடம். போன மாதமே எடுத்துக்கொண்டுபோய் ஆற்றங்கரை அரசமரத்தடியில் வைத்துவிட்டாளாம். நெற்றியும் வெறும் நெற்றி.

"முளைப்பாரி தூக்கக் கூப்பிட வந்தாளுக" என்றாள், தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி. "போங்கடின்னுட்டேன். எம்மக உசுரக் கையில புடிச்சுக்கிட்டுக் கேட்டப்ப பொய் சொன்ன சாமிக்கு நான் எதுக்குத் தூக்கணும்? நீங்கதான் மாப்ள வெவரம். ஆரம்பத்துலேருந்தே சொன்னீக. எங்களுக்குத்தான் மரமண்டை."

அவன் சொம்பை வாங்கிக் கீழே வைத்தான்.

"அத்தை. குங்குமம் வரல."

"என்னது?"

"திருநீறுதான் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு. நாந்தான் கூட்டிட்டுப் போகல. உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"இன்னொரு பொட்டலத்தையும் பெறகு பிரிச்சேன். அதுலயும் திருநீறு."

"ரெண்டுலயுமா?"

"ஆமா."

வெளியே யாரோ குடத்தைக் கழுவிக் கவிழ்த்தார்கள். முருகம்மாள் சுவரில் அந்த மூன்று சதுரத்தைப் பார்த்தாள்.

"அப்ப சாமி ஒண்ணுமே சொல்லல" என்றாள். "எம்மகதான் சொல்லிருக்கா."

அவன் தலையாட்டினான்.

"படிச்சும் கூறில்லாமப் போனியேடின்னு நானே சொல்லி அழுதேன் மாப்ள. அவ மூஞ்சிக்கு நேரா. ஊரே கேட்டுச்சு. நீங்க பக்கத்துல நின்னீக."

"நின்னேன்."

"ஊர்ல சொல்லுங்க. உங்க சென்டர்லயும் சொல்லுங்க. எம்மக கூறுள்ளவன்னு."

"நாளைக்குச் சொல்றேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுத மாதிரி இல்லை. வேர்வையைத் துடைப்பதுபோலத்தான் துடைத்தாள்.

"எம்மக கடைசியா அம்மான்னு கூப்பிட்டான்னீக. அதுவும் பொய்யா?"

"ஆமா."

"உள்ளதச் சொல்லுங்க."

சொன்னான். அவசரப் பிரிவில் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நர்ஸ் ஒருத்தி கையில் தாளோடு வந்து, வயிற்றுவலி எப்போதிலிருந்து என்று கேட்டாள். மத்தியானத்திலிருந்து என்று அவன் சொன்னான். நர்ஸ் எழுதப் போனாள். கண்ணை மூடிக்கிடந்த பாண்டிமீனா கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்க்கவில்லை, நர்ஸைத்தான் பார்த்தாள். குரல் மெலிந்திருந்தது, ஆனால் ஒரு சொல்லும் குழறவில்லை. அவள் கடைசியாகப் பேசியது இதுதான்:

"இல்ல சிஸ்டர், நேத்து ராத்திரியிலேருந்து. இவரு மறந்துட்டாரு."