நாற்பது குடியானவர்கள்

"அண்ணன் கம்ப்யூட்டரு எனக்கு வேணுங்கப்பா."

இதை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று சத்யபிரியாவிடம் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். செத்தவன் சாமான் கொள்ளி வைத்த பங்காளி மகனுக்கு என்பது அவர்கள் வகையறாவின் வழக்கம்.

"கொள்ளி வெச்ச கோகுலு சாயங்காலம் வந்து எடுத்துக்குவான். அந்த வெளையாட்டுப் பொட்டி உனக்கெதுக்கு சாமி?" என்றார் அப்பா.

ரிக் வண்டியில் சத்தீஸ்கருக்கு போர்வெல் போடப் போன அண்ணன் மோகன்குமார், குழாய் சரிந்து செத்தான். அவன் சம்பளத்தில்தான் அவள் பட்டம் வாங்கினாள். லீவில் வந்தால், பழங்காலத்து அரசர்கள் கோட்டை கட்டிப் போரிடும் ஒரு கேமிலேயே கிடப்பான். அதைப் பற்றி இணையத்தில் அவன் எழுதியிருந்த கருத்தைப் போனில் எடுத்து அப்பாவுக்குப் படித்தாள்.

"நல்ல கேமுங்க. ஆனா கல்லு சொமக்கற குடியானவன் செத்தா நம்பர்ல ஒண்ணு கொறையுது, அவ்வளவுதான். அதனால நான் தோத்தாலும் ஒருத்தனையும் சாக உடறதில்லீங்க."

அதற்குக் கீழே எவனோ, 'ஆடத் தெரியாதவன்' என்று சிரித்திருந்தான்.

"அண்ணன் பாதியில நிறுத்துன ஆட்டம் அந்தப் பொட்டியிலதான் இருக்குது. நாப்பது பேரு இன்னும் உசுரோட இருக்கறாங்க. கோகுலு வந்ததும் எல்லாத்தையும் அழிச்சுருவான்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஊருல கேட்டா என்னன்னு சொல்றது?"

"என்னப் படிக்க வெக்க அண்ணன ரிக்குக்கு அனுப்புனீங்களே, அப்ப ஊரக் கேட்டீங்களா?"

காலையிலேயே போர்வை சுற்றி ஸ்கூட்டரில் கட்டி வைத்திருந்தாள் பெட்டியை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.