மேலறையில் வைத்த ஊசி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பெயருக்குத்தான் எங்களுடையது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியின் மல்லிகைச் சரம் அதில் இருக்கும். எதிர்வீட்டு இட்லி மாவு இருக்கும். ஐஸ் தண்ணீர் கேட்டு யார் வேண்டுமானாலும் வந்து திறப்பார்கள். அப்படிப்பட்ட ஃப்ரிட்ஜில் ஐந்து நாளாக என் ஊசியை ஒளித்து வைத்திருந்தேன்.

கல்யாணமாகி ஏழு வருஷம். தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிறேன். கருமுட்டை வளர்வதற்கு ஹார்மோன் ஊசி, பேனா மாதிரி இருக்கும். தினமும் மாலை ஏழு மணிக்கு வயிற்றில் நானே போட்டுக்கொள்ள வேண்டும். "நடுத்தட்டுல வைங்க. கதவுல வைக்காதீங்க, ஃப்ரீசர்ல வைக்கவே கூடாது" என்று நர்ஸ் ஜாஸ்மின் மூன்று முறை சொல்லி அனுப்பினார். நான் அதைத் தலைகீழாக ஒப்பிப்பேன். ஆனால் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டாம் என்றது என் வீட்டுக்காரர் மாதேஸ்வரன். பிக்கப் வண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மண்டிக்குப் போகிறவர். "அம்மா காதுக்குப் போச்சுன்னா எனக்கு முன்னாடி அது மண்டிக்குப் போயிரும்" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. விசேஷ வீடுகளில் 'இன்னும் ஒண்ணும் இல்லியா' என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தேன். பேனாவை டிபன் டப்பாவில் போட்டு, நடுத்தட்டில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எதற்கோ ஃப்ரிட்ஜைத் திறந்தால் கொத்தமல்லி இருக்கிறது, டப்பாவைக் காணோம். தட்டுத் தட்டாகத் தேடினேன். கடைசியில் மேலே ஃப்ரீசரைத் திறந்தேன். ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் டப்பா ஒட்டிக்கொண்டிருந்தது. பேனாவுக்குள் இருந்த மருந்து உறைந்து வெள்ளையாகியிருந்தது.

ஜாஸ்மினுக்குப் போன் போட்டேன். "உருகினதும் போட்டுக்கலாமா சிஸ்டர்?"

"வேண்டாம்மா. உருகினா பாக்கறதுக்குப் பழையபடிதான் இருக்கும். உள்ள மருந்து கெட்டிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. புதுப் பேனா எடுத்து வெக்கறேன், வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க. இன்னைக்கு ஒன்பதுக்குள்ள போட்டுருங்க. இன்னைக்கு விட்டுட்டா இதுவரைக்கும் போட்டது வீணாகலாம்."

ஐந்து நாள் குத்திக்கொண்ட இடமெல்லாம் வயிற்றில் நீலம் பாரித்திருந்தது. அது வீணா? வீட்டுக்காரருக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்து, "லோடு எறங்கிட்டிருக்குது, என்ன?" என்றார். சொன்னேன். "கெளம்பறன்" என்றார்.

வீட்டுக்காரரின் அம்மா, நஞ்சம்மாள் அத்தை, கொட்டகையில் மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தார். டப்பாவை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இத யாரு ஃப்ரீசர்ல வெச்சது?"

"நாந்தான் கண்ணு வெச்சன். காத்தால ரெண்டு வாட்டி கரன்ட் போச்சில்ல. சூடு பட்டு வீணாப் போயிருமின்னு மேல ஐஸுக்குள்ள வெச்சன்."

"அது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"புள்ளைக்குப் போடற ஊசி." தவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "நம்ம செவலைக்குச் சினை ஊசி போட வர்ற மாட்டு டாக்டரு கேனத் தொறந்தா பொகையா வருதில்ல? அந்தக் குளுரு கொறஞ்சா ஊசி செத்துரும்னு அவருதான சொன்னாரு. அதுவும் புள்ளைக்கி, இதுவும் புள்ளைக்கி."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தியும் விட்டேன். "மாட்டுக்குப் போடறதும் எனக்குப் போடறதும் ஒண்ணா அத்த? இது உறைஞ்சா கெட்டுப் போயிரும். ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமில்ல?"

அத்தை வாளியைக் கீழே வைத்தார். "கேக்கலாந்தான். நீ மறைக்கற. மறைக்கறத எப்பிடிக் கேக்கறது?"

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. ஏழு மணியானா ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கற. குப்பையில ஊசி மொன கெடக்குது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வர்ற, வேற எதுக்கா இருக்கும்? எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"நீயே சொல்லல. நான் எப்பிடிச் சொல்லுவன்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். சாப்பிடுகிறவர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி சாப்பிட்டிருக்கிறார். நடுத்தட்டில்தான் இருக்க வேண்டும் என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. அவர் மேல் வந்த கோபம் பாதி வழியில் என் மேல் திரும்பியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவரைத் திட்டுவதாவது சுலபம்.

வீட்டுக்காரர் வரும்போது எட்டேகால். ஐஸ் பை வைத்த பெட்டியை மடியிலேயே வைத்து ஓட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அதற்காக நான் அவரைப் பாராட்டவில்லை. அன்றைக்குக் கதவைச் சாத்தாமல் ஊசி போட்டுக்கொண்டேன். அத்தை வாசற்படியில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "எங்க வெக்கோணும், காட்டு" என்றார். நடுத்தட்டைக் காட்டினேன். கொத்தமல்லியை எடுத்துத் தூரப் போட்டார்.

மறுநாள் காலை பாஞ்சாலி பூச்சரத்தோடு வந்து, வழக்கம்போல் ஃப்ரிட்ஜை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேச ஆரம்பித்தாள். எதையோ நகர்த்தி இடம் பண்ணக் கை நீட்டினாள். நான் சமையல்கட்டில் இருந்தேன். என்ன சொல்லித் தடுப்பது என்று யோசிப்பதற்குள் அத்தையின் குரல் கேட்டது.

"பாஞ்சாலி, அந்த டப்பாவத் தொடாத. கதவ மூடு மொதல்ல. எம் மருமவ புள்ளைக்கி ஊசி போட்டுக்கறா, குளுரு போயிரும்."

மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒருத்தர்கூட எங்கள் ஃப்ரிட்ஜைத் திறக்கவில்லை.