படுத்தால் சரியாகிவிடும்

ஆபரேஷனுக்குப் போய்ச் சேர வேண்டிய அன்று காலை, என் புருஷன் அடைக்கலம் வாசல் கேட்டைப் பிடித்து நின்றுகொண்டு, "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆஸ்பத்திரிப் பையைத் தரையில் போட்டேன்.

இது முதல் தடவை இல்லை. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் நாள் முழுக்க நின்றால் இவருக்குக் கால் இரண்டும் மரத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால் திங்கட்கிழமை நடை கொஞ்சம் தேவலை. உடனே ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போடச் சொல்வார். முதுகுத்தண்டுக்குள் ரத்தக்குழாய் தப்பாக இணைந்து, ரத்தம் தேங்கித் தண்டுவடமே வீங்கியிருக்கிறது, படுத்தால் தேவலையாகத்தான் தெரியும், தள்ளத் தள்ள நரம்பு செத்துக்கொண்டே போகும் என்று தென்னூர் டாக்டர் அருள்ராஜ் படம் காட்டிச் சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

இதில் இவருடைய அக்கா வேறு. "முதுகுக்குள்ள கேமராவை விடுவாங்களாமே. பேசாம தைலம் தேய்டா" என்று காலையிலேயே போனில் ஓதியிருந்தார். போன மாதம் இதே அக்கா பேச்சைக் கேட்டு வெந்நீரில் கால் வைத்துத்தான் பாதம் கொப்பளித்தது. கொப்பளித்ததே இவருக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொன்னது நான்.

"ஆட்டோல ஏறுங்க" என்றேன். "இல்லன்னா நான் போய்ப் படுத்துக்கறேன். யாராவது ஒருத்தர் முதுகையாவது கிழிக்கட்டும்."

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். அந்த வெட்கத்தில்தான் இவர் ஏறினார்.

டாக்டர் எதையும் பூசி மெழுகவில்லை. "முதுகெலும்புல சின்னதா வழி பண்ணித்தாம்மா உள்ள போவோம். தண்டுவடத்துக்கு முன்னால மறைஞ்சிருக்கற இடம் மேல இருந்து பார்த்தா தெரியாது. அதை அசைக்காம, ஓரமா எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்து, அந்த இணைப்பை அடைச்சிடுவோம். இனிமே மோசமாகாம இருக்கத்தான் இது. போன உணர்ச்சி திரும்புமான்னா, என்னால சொல்ல முடியாதுங்க."

பார்த்தாயா என்பதுபோல இவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு சண்டை போட்டு இழுத்து வந்து கால் இப்படியே நின்றுபோனால், ஆயுசுக்கும் இந்தப் பார்வைக்குத்தான் சோறு போட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பிறகும் வாய் ஓயவில்லை. ஃபேன் சத்தம், கஞ்சியில் உப்பில்லை, தலையணை கல். டாக்டர் தினமும் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் பாதத்தைத் தொடுவார். "எங்க தொடறீங்க, இன்னும் தொடலையே" என்பார் இவர். நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

ஒருநாள் சாயங்காலம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். மல்லாந்து கிடந்தபடி, கூரையைப் பார்த்துச் சிடுசிடுத்தார்.

"என்ன ஆஸ்பத்திரியோ. கொசு பிடுங்கித் தின்னுது. அடிச்சுத் தொலையேன்."

"எங்க?"

"இடது கால்ல, சுண்டுவிரல் பக்கம். உனக்குக் கண்ணு தெரியலையா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், கொசு காலை நன்றாக ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"அடிக்கச் சொன்னா பார்த்துக்கிட்டு நிக்கிறா."

"சும்மா இருங்க" என்றேன். "இன்னும் கொஞ்சம் கடிக்கட்டும்."

கொசுவின் வயிறு மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.