சீல் வைத்த பியூஸ் கட்டை

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு இஸ்ரேல் சார் வீட்டில் மட்டும் கரண்டு போயிற்று. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு இங்கே ஜெபக்கூட்டம். இருபது பேராவது வருவார்கள்.

மகள் ஜெபிதா மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டாள். லைன்மேன் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார், வர ஆறரை மணி ஆகும் என்றார்கள்.

"பக்கத்துல பாட்சா மாமா வீட்டுலருந்து ஒரு வயர் இழுத்துருவோமாப்பா?"

"ஜெபக்கூட்டத்துக்கு ஓசிக் கரண்டா? நல்லாருக்கும்டி" என்றார் இஸ்ரேல் சார்.

வீட்டுக்குள் இருந்த பியூஸ்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. போயிருந்தது வாசல் சுவரில் மீட்டருக்கு மேலே, வாரியத்தார் கம்பி கோத்துச் சீல் வைத்திருந்த பியூஸ் கட்டை. அவர் மெயின் சுவிட்சை அணைத்தார், கட்டிங் பிளேயரால் சீல் கம்பியை நறுக்கினார், மூடியைத் திறந்தார்.

"அப்பா, மெயின ஆப் பண்ணினா வீட்டுக்குள்ளதான் கரண்டு இருக்காது. கட்டையோட மேல்முனை போஸ்ட்லருந்து நேரா வருது. அதுல எப்பவும் இருக்கும்."

"முப்பத்தோரு வருஷம் சயின்ஸ் எடுத்தவன்ட்டயா சொல்லுதே? பிளஸ் டூ பிசிக்ஸ்ல நீ எவ்வளவு?"

நாற்பத்தொன்று. மாலை நேர வயர்மேன் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வாத்தியார் போர்டில் போட்ட படத்தை அப்படியே நோட்டில் வரைந்திருந்தாள். வரைந்தபோது கோடு எதுவும் மாறிப்போயிருந்தால்?

உள்ளே போய் டெஸ்டரை எடுத்து வந்து கட்டையின் மேல்முனையில் வைத்தாள். மேற்கு வெயில் சுவரில் முழுதாக விழுந்துகொண்டிருந்தது. டெஸ்டருக்குள் விளக்கு சிவப்பாக எரிவது மாதிரி இருந்தது. கையால் வெயிலை மறைத்துப் பார்க்கும் முன் அப்பா டெஸ்டரை வாங்கிக்கொண்டார். அவரும் வைத்துப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார்.

"வெயிலு" என்றார். "தள்ளு."

தடுக்க அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. ஓடிப்போய் ஒட்டடைக் கம்பைத் தூக்கி வந்து பின்னால் நின்றாள். ஷாக் அடித்தால் கையைத் தட்டிவிட மரக்கம்புதான் வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் அம்மா ஜெயபாய். "என்னட்டி, பெத்த அப்பனையே அடிக்கப் போறியா?"

அவர் கட்டையை உருவினார். கருகிய கம்பியைச் சுரண்டிவிட்டு ஒரு செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டினார். திரும்பச் செருகும்போது விரல்கள் அந்த மேல்முனைக்கு ஓர் அங்குலத்தில் இருந்தன. ஜெபிதா கம்பைத் தூக்கிப் பிடித்தாள். கட்டை டக்கென்று உட்கார்ந்தது. அவர் மெயினைப் போட்டார். ஃபேன் சுற்றியது.

"பாத்தியா, ஏ வயர்மேனு?" என்று அம்மா சிரித்தாள். கம்பை எங்கே வைப்பதென்று ஜெபிதாவுக்குத் தெரியவில்லை.

ஜெபம் முடிந்து காப்பி குடிக்கையில் இந்தக் கதைதான் ஓடியது. கூட்டத்துக்கு வந்திருந்த சபைக்காரர் ஜீவரத்தினம் டம்ளரைக் கீழே வைத்தார். "சார், எங்க வீட்டுலயும் அந்த சீல் வச்ச கட்டையில நாலு நாளா தீப்பொறி பறக்குது. புகார் குடுத்தும் ஒருத்தனும் வரல."

"மெயின ஆப் பண்ணிட்டு உருவிருங்க. ஒண்ணும் செய்யாது" என்றார் இஸ்ரேல் சார், வகுப்பில் பாடம் சொல்லும் குரலில்.

"இல்லண்ணாச்சி, மேல்முனையில கரண்டு இருக்கும்" என்றாள் ஜெபிதா. "டெஸ்டர் எரிஞ்சுது."

"நீ பாத்தியா மக்கா?" என்று கேட்டார் ஜீவரத்தினம்.

"பாத்தேன்னுதான் நெனைக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள், யார் சிரிப்பிலும் கெடுதல் இல்லை. ஜீவரத்தினம், இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"டெஸ்டர் எரிஞ்சுதுட்டி. நானும் பாத்தேன்."

"பொறவு ஏன் கைய வச்சீங்க?"

"சீல அறுத்தாச்சு. நீ பின்னால நிக்கே. எப்படி விட?"

"அண்ணாச்சிக்குச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்கப்பா."

"அத்தன பேரு முன்னால சொல்லிட்டு, இப்ப மாத்தி என்னன்னு சொல்லதுக்கு?"

ஜெபிதாவே போன் போட்டாள். "மெயின ஆப் பண்ணிட்டேன் மக்கா, ஏணியில நிக்கேன்" என்றார் ஜீவரத்தினம். "இறங்குங்கண்ணாச்சி, தொடாதீங்க" என்றாள். "நீ சார்ட்ட குடு" என்றார் அவர். அவள் போனை அப்பாவின் காதோரம் பிடித்தாள்.

இஸ்ரேல் சார் தொண்டையைச் செருமினார்.

"பாத்து, கவனமாச் செய்யுங்க" என்றார்.

"சரி சார்" என்றது போன். லைன் துண்டிக்கப்பட்டது. ஜெபிதா திரும்பப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.