நீர்நாய் கனத்துப்போனது

"கனமா இருக்கு" என்றான் செகி.

குரமிட்சுவுக்கு ஒன்றும் புரியவில்லை. டிவியில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு நீர்நாய்க் குட்டி. தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, நடுநடுவே வரும் பள்ளங்களைத் தாண்டி, கூரைக்குக் கூரை தாவிப் போகிற கட்டைவிரல் அளவுப் பொம்மை. வெறும் ஒளிப் புள்ளிகள். புள்ளிக்கு ஏது கனம்?

"எது கனம்? கன்ட்ரோலரா?"

"இல்ல, குரமிட்சு-சான். நீர்நாய்தான். போன வாரம் வரைக்கும் பஞ்சு மாதிரி இருந்துச்சு. இப்போ மூக்குமுட்டத் தின்னுட்டு வந்த மாதிரி இருக்கு."

செகியும் முனெதாவும் கல்லூரி மாணவர்கள். பகலெல்லாம் விளையாடி, எங்கே சரியில்லை என்று சொல்வதுதான் அவர்களுக்குச் சம்பளம். ஒசாகாவில், தெம்மா கடைத்தெருவுக்குப் பின்னால், மெத்தைக் கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன வீடியோ கேம் கம்பெனியில் இவர்கள் இரண்டு பேர் வாய்தான் ஓயாது. முனெதா கனம் என்று சொல்லவில்லை. பட்டன் ஒட்டிக்கொள்கிறது என்றான். மதியம் எதிர்க்கடையிலிருந்து கிண்ணத்தில் நூடுல்ஸ் கொண்டுவந்த ஆள் நின்றபடியே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, பள்ளத்தை யாரோ அகலமாக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதைக் கேட்டதும் அவானோவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விளையாட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் கூரை எங்கே, பள்ளம் எங்கே, எவ்வளவு அகலம் என்று கட்டம் போட்ட தாளில் வண்ணப் பென்சிலால் வரைந்தவள் அவள்தான்.

"என் பள்ளத்துல எவனும் கை வைக்கல. வேணும்னா தாளைக் கொண்டாறேன், எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தார்கள். பள்ளம் அப்படியேதான் இருந்தது.

மாறியது ஒன்றே ஒன்று. அதைச் செய்தவன் குரமிட்சு. நீர்நாய் ஓடுவதற்கும் குதிப்பதற்குமான புரோகிராமை முதலில் எழுதியவர் ஹிதாகா. மாமனாரின் விடுதியைப் பார்த்துக்கொள்ள வசந்தத்தில் வேலையை விட்டுவிட்டு குமானோ பக்கம் போய்விட்டார். அவர் எழுதிய புரோகிராம் அவருக்கே வெளிச்சம். எங்கே தொட்டால் எங்கே இழுக்கும் என்று தெரியாது. பிரிவு விருந்தில் நாலு கிளாஸ் பீர் உள்ளே போனதும் குரமிட்சு எல்லார் முன்னாலும், "உங்க புரோகிராமைப் பாத்தா குப்பைத் தொட்டியைக் கிளறுற மாதிரி இருக்கு" என்று சொன்னான். ஹிதாகா சிரித்துக்கொண்டே அவன் கிளாஸை நிரப்பினார். குரமிட்சு சுத்தக்காரன். மேஜையில் பென்சில்கள்கூட உயர வரிசையில் நிற்கும். விளையாட்டைப் பதிக்கிற கேசட்டிலோ இடம் கொஞ்சம், ஒரு துளி மிச்சம் பிடித்தாலும் லாபம். ஆகவே முழுவதையும் புதிதாக எழுதினான். எதற்கென்றே தெரியாத சில்லறைச் சாமான்களைத் தூக்கி எறிந்தான். மிச்சமான இடத்தில் அவானோ இன்னொரு கட்டமே போட்டுக்கொண்டாள்.

இப்போது நீர்நாய் கனக்கிறதாம்.

நேரம் பார்த்துத்தான் கனத்தது. முதலாளி ஒசாஸா பொம்மை மொத்த வியாபாரம் செய்தவர். ஆசைக்கு விளையாட்டுக் கம்பெனி ஆரம்பித்து, முதல் இரண்டு கேசட்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவர். வெள்ளிக்கிழமை தானே உட்கார்ந்து ஆடிப் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார். பிடித்தால் கேசட் தொழிற்சாலைக்குப் போகும். பிடிக்காவிட்டால் மாடியைக் காலி செய்து மெத்தைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

குரமிட்சு பழைய கேசட்டை ஒரு டிவியிலும் புதியதை இன்னொரு டிவியிலும் போட்டான். திரை மேல் கண்ணாடித் தாளை ஒட்டி, நீர்நாய் குதித்து இறங்கும் வளைவைப் பேனாவால் புள்ளி புள்ளியாகக் குறித்தான். இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஒரே வளைவு. உயரம் ஒன்று, வேகம் ஒன்று, இறங்கும் இடமும் ஒன்று.

"பாத்துக்கோங்க. ஒரு மயிரிழைகூட மாறல" என்றான்.

"சரிதான், ஆனா கனமா இருக்கே" என்றான் செகி.

குரமிட்சுவுக்கு மண்டை காய்ந்தது. அளந்தால் ஒன்று, ஆடினால் வேறொன்று என்றால் மனுஷன் எதைத்தான் நம்புவது? கன்ட்ரோலரைக் கழற்றி, பருத்தித் துணியால் துடைத்து மாட்டினான். முனெதா அப்போதும் ஒட்டுகிறது என்றான். அவானோ சொன்னாள் என்று குதிக்கும் சத்தத்தைக் கொஞ்சம் கீச்சென்று ஆக்கினான். அரை நாள் எல்லாரும், "அட, இப்ப லேசா இருக்கு!" என்று கொண்டாடினார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து ஆடியபோது அது பழையபடி கனத்தது, கீச்சுச் சத்தம்தான் மிச்சம். நீர்நாயின் வயிற்றை ஒரு புள்ளி குறைத்து மெலிய வைத்தார்கள். மெலிந்த நீர்நாயும் தொப்பென்று பள்ளத்தில் விழுந்தது.

இதில் பெரிய அவமானம், குரமிட்சுவும் விழுந்தான். அந்த மாடியில் இந்த விளையாட்டுக்கு அவன்தான் ராஜா. விழுகிற மாணவர்களிடம், "விளிம்புல கால் இருக்கறப்பவே அழுத்தணும்டா. ஒங்களுக்குக் கை மந்தம்" என்று உபதேசம் செய்தே பழகியவன். இப்போது அவனே விழுந்துவிட்டு, தூக்கம் சரியில்லை என்றான். மறுநாளும் விழுந்தான். ஈரல் கெட்டிருக்குமோ என்று உடம்புக்குத் தெம்பு தரும் விலாங்குமீன் சோறு வாங்கித் தின்றான்.

"ஹிதாகா-சானைக் கேளுங்களேன். ஒரு போன் போட்டா தீந்துச்சு" என்றாள் அவானோ.

"குப்பைத் தொட்டின்னு சொன்ன வாயால இப்ப எப்படிக் கேக்கறது?"

"அப்போ ஈரலையே கேளுங்க."

கடைசியில் வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய வீடியோ கேமராவைக் கொண்டுவந்து, ஆடுகிறவனின் தோளுக்கு மேலாக வைத்தாள். டிவியும் கட்டைவிரலும் ஒன்றாகத் தெரிய வேண்டும். பழைய கேசட்டை மூன்று பேரும் ஆளுக்கு ஒரு முறை ஆடினார்கள். பிறகு அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள்.

முதலில் செகி. நீர்நாய் ஓடி வருகிறது. கூரை விளிம்புக்கு வந்துவிட்டது. கட்டைவிரல் இன்னும் மேலே இருக்கிறது. அடுத்த படம். நீர்நாயின் கால் விளிம்பைத் தாண்டிவிட்டது, கீழே ஒன்றுமில்லை, வெறும் பள்ளம். கட்டைவிரல் அப்போதுதான் இறங்குகிறது. நீர்நாய் குதிக்கிறது.

"ஐயோ! காத்தை மிதிச்சுக் குதிக்குதே!" என்றாள் அவானோ.

"நான் விளிம்புலதான் அழுத்தினேன். சத்தியமா" என்றான் செகி.

முனெதாவும் அதே கதைதான். மூன்றாவதாகக் குரமிட்சு. விளிம்பு போயிற்று, கால் போயிற்று, நீர்நாயின் முழு உடம்பும் அந்தரத்தில் நிற்கிறது, ராஜாவின் கட்டைவிரல் அப்போதும் இறங்கவில்லை. மூன்று பேரில் அவன்தான் ஆகக் கடைசி. இதற்கு மேல் ஒரு படம் தள்ளினாலும் விழுந்திருப்பான். முனெதா ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவானோ அவன் காலை மிதித்தாள்.

குரமிட்சு மேஜைக்குப் போய் ஹிதாகாவின் பழைய புரோகிராமை விரித்தான். தான் சில்லறை என்று தூக்கி எறிந்ததில் ஒன்று இருந்தது. நீர்நாயின் கால் கூரையை விட்ட நொடியில் ஏதோ ஒன்று மளமளவென்று கீழ்நோக்கி எண்ண ஆரம்பிக்கும். எண்ணி முடிவதற்குள் பட்டனை அழுத்தினால், கால் கூரையில் இருப்பதாகவே கணக்கு. பார்க்கும்போது எதற்கோ எழுதி, மறந்துபோய் விட்டுவைத்தது மாதிரி இருந்தது. இப்போது புரிந்தது, ஆனால் புரிந்ததில் குழப்பம் கூடத்தான் செய்தது. இது தப்பா, வேண்டுமென்றே செய்ததா?

வெட்கத்தை விட்டுப் போன் செய்தான். விடுதியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"ஓ, அதைக் கண்டுபிடிச்சிட்டியா?" என்றார் ஹிதாகா. சந்தோஷமாகத்தான் கேட்டார்.

"இது ஆடறவனை ஏமாத்தறதில்லையா, ஹிதாகா-சான்?"

"அவன் விளிம்புலதான் அழுத்தினோம்னு நம்பறான்ப்பா. டிவி இல்லேங்குது. ரெண்டு பேருல யார் பக்கம் நிக்கறது? நான் அவன் பக்கம் நின்னேன்."

"யார்கிட்டயும் சொல்லலையே நீங்க."

"சொன்னா கெட்டுப்போயிடும்."

"எவ்வளவு நேரம் விடணும்னு எப்படி முடிவு பண்ணீங்க? யாரையாவது வெச்சு அளந்தீங்களா?"

பாத்திரச் சத்தம் நின்றது. "பழசு எதுக்கு இப்ப?" என்றார் ஹிதாகா. "ஒரு துளிகூட மாத்தாம அப்படியே திருப்பிப் போட்டுடு. வெயில் காலம் போனதும் ஒருநாள் இந்தப் பக்கம் வா. வெந்நீர் ஊத்து நல்லாயிருக்கும்."

குரமிட்சு அதை அப்படியே திருப்பிப் போட்டான். வெள்ளிக்கிழமை முதலாளி ஒசாஸா வந்தார். கோட்டைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் பள்ளம். அவர் கை ரொம்பவே நிதானம். பின்னால் நின்ற நாலு பேருக்கும் இப்போது எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்ததால், நாலு பேரும் நீர்நாயைப் பார்க்காமல் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தார்கள். கால் விளிம்பைத் தாண்டியது. விரல் தாமதமாக, மிகத் தாமதமாக இறங்கியது. நீர்நாய் தாவியது. அடுத்த பள்ளம், அதற்கடுத்தது. ஒன்றில்கூட அவர் விளிம்பில் அழுத்தவில்லை. ஒன்றிலும் விழவும் இல்லை.

"பாத்தீங்களா! இந்தக் கை இன்னும் கெடல!" முதலாளி தொடையில் தட்டிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "இல்ல, நீங்கதான் எனக்காகச் சுளுவாப் பண்ணி வெச்சிருக்கீங்களோ?"

குரமிட்சுதான் சொன்னான்: "இல்லைங்க முதலாளி. எல்லாம் உங்க கைதான்."

சொல்லிவிட்டுக் கைதட்டினான். தட்டும்போதுதான் அவனுக்கு உறைத்தது. இதே மாதிரி ஒருவர் தனக்கும் கைதட்டியிருக்கிறார். விளையாட்டை ஆரம்பித்த புதிதில் குரமிட்சு பள்ளத்துக்குப் பள்ளம் விழுவான், கன்ட்ரோலரைத் தூக்கி எறிவான், இது உருப்படாது என்று கத்துவான். ஹிதாகா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தரம் ஆடேன்" என்பார். பிறகு ஒருநாள் திடீரென்று விழவே இல்லை. "கை பழகிடுச்சு!" என்று குதித்தான். ஹிதாகா எழுந்து நின்று கைதட்டினார். அளந்தது அவனை வைத்துத்தான். அந்த மாடியிலேயே மந்தமான கை அவனுடையது, அதற்கேற்றபடி நேரத்தை வெட்டித் தைத்துவிட்டு, பிரிவு விருந்தில் குப்பைத் தொட்டி என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். குரமிட்சுவுக்குக் காது சூடேறியது.

"தொழிற்சாலைக்கு அனுப்பிடலாம்" என்றார் முதலாளி. அவானோ முகத்தை மூடிக்கொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. முதலாளி குரமிட்சு பக்கம் திரும்பினார். "இங்க நீதானே பெரிய ஆட்டக்காரன்? எங்கே, கெட்டிக்காரன் எப்படி ஆடுவான்னு காட்டு பாப்போம்."

குரமிட்சு கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். நீர்நாய் ஓடியது. ஆயிரம் முறை தாண்டிய முதல் பள்ளம். இந்தத் தடவையாவது நிஜமாகவே விளிம்பில் அழுத்திவிட வேண்டும் என்று நினைத்தான். எது விளிம்பு? கண் சொல்வதா, விரல் சொல்வதா? இப்போதா? இன்னும் இல்லையா? இத்தனை நாள் எப்போது அழுத்தினான் என்று விரலுக்கு ஞாபகமே வரவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீர்நாய் வாளியோடு பள்ளத்தில் போய் விழுந்தது.

முதலாளி ஹோவென்று சிரித்து அவன் முதுகில் தட்டினார்.

"பரவால்லப்பா. ஆட ஆடக் கை பழகிடும்."

"ஆமாங்க" என்றான் குரமிட்சு. இன்னொரு முறை ஓடவிட்டான். மறுபடியும் விழுந்தான்.