கணக்கறையின் கதவு

லிஃப்ட் மெக்கானிக் இறந்த நான்காம் நாள் காலை, அவருடைய வீட்டில் கணக்கறையின் கதவு காணாமல் போயிற்று. கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. புதுச்சுவர்கூட இல்லை; வெள்ளை பழுப்பேறி, ஒரு மூலையில் லேசாக விரிசல் விட்டிருந்தது. அவருடைய மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். லீவு தீர்ந்திருந்தது.

அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைத்ததே இல்லை. இருபத்தாறு வருஷமாக, சம்பள நாளன்று கவரைப் பிரிக்காமல் வாசற்படியில் நின்று நீட்டுவாள். அவர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார். சனிக்கிழமைதோறும் வீட்டுச் செலவுக்கு எண்ணிக் கொடுப்பார். அதை அவள் திருப்பி எண்ணியதில்லை. வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி, இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி, ஒன்றும் தெரியாது. கேட்டால், "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். அதை அன்பு என்றே அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் அது அன்புதான்.

கொத்தனாரைக் கூப்பிட்டு இடிக்கச் சொன்னாள். அவர் ஆளுயரத்துக்கு ஓட்டை போட்டு எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் தெரு தெரிந்தது. சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். "உள்ள ரூமே இல்லக்கா, ரோடுதான் இருக்கு" என்றார் கொத்தனார். இடித்ததற்கு ஒரு கூலி, அடைத்ததற்கு ஒரு கூலி கேட்டார். சிமெண்ட் எத்தனை சட்டி ஆயிற்று என்று அவள் விசாரித்தாள். அவள் வாழ்க்கையில் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொத்தனார் தலையைச் சொறிந்து கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய இருமல், காகிதம் புரளும் சத்தம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து சுவரில் முதுகைச் சாய்த்துச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் தினமும் அங்கேதான் சாப்பாடு. கூப்பிட்டுப் பார்க்கவில்லை. கணக்குப் பார்க்கும்போது பேசினால் அவருக்குப் பிடிக்காது.

மூன்றாம் மாதம் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. தவணை கட்டாவிட்டால் நாற்பது நாளில் வீடு ஏலத்துக்குப் போகும். விஷயம் தெரிந்ததும் வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். "வீட்டை வித்துட்டு இங்க வந்துடும்மா. உன் சம்பளம், பென்ஷன் எல்லாத்தையும் இவரு பாத்துக்குவாரு." அந்தக் கடைசி வார்த்தை அவளை எங்கோ தைத்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டு, மறுநாள் அரைநாள் லீவு போட்டு வங்கிக்குப் போனாள்.

"வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார் அதிகாரி.

"அவரு செவுத்துக்குள்ள இருக்காரு."

"அப்ப நீங்கதான் உக்காந்து பேசணும்" என்று நாற்காலியைக் காட்டினார் அவர்.

இரண்டு மணி நேரம் பேசினார்கள். புரியாததை அவள் மூன்று தடவை கேட்டாள். அவர் மூன்று தடவையும் சொன்னார். வீட்டுக் கடனில் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு ஒரு கடன், அதன் வட்டியைக் கட்ட இன்னொரு கடன். ஒரே ஒரு தவணை தவறியதில் இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. பத்து வருஷமாக அந்த மனிதர் ஓட்டைக்கு ஓட்டை ஒட்டுப்போட்டபடி தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். அவள் இந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த மாதச் சம்பளக் கவரைச் சலவைக்கூடத்து பெஞ்சிலேயே பிரித்தாள். நினைத்திருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. சின்னக் கடன்கள் இரண்டையும் குறைந்த வட்டியில் ஒன்றாக்கினாள். அவருடைய பைக்கை விற்றாள். ஞாயிற்றுக்கிழமை வேலையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டை விற்றால் யாருக்கு எவ்வளவு என்று மாப்பிள்ளையை எழுதி அனுப்பச் சொன்னாள். படித்துப் பார்த்துப் பதில் சொல்வதாகச் சொன்னாள். அவர் எழுதவில்லை. மகளின் போன் வாரத்துக்கு ஒன்று என்பது மாதத்துக்கு ஒன்றாகி, பண்டிகைக்குப் பண்டிகை என்றாயிற்று.

மூன்று வருஷம் போயிற்று. சின்னக் கடன் தீர்ந்த அன்று அவள் வீடு திரும்பியபோது கதவு இருந்தது, ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே அவர் மேசைமேல் குனிந்திருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். சுற்றிலும் காகிதங்கள், எல்லாவற்றிலும் ஒரே மாதத்தின் கணக்கு, திரும்பத் திரும்ப, ஒன்றிலும் சரிவரவில்லை.

"அதை விடுங்க. கட்டியாச்சு" என்றாள்.

"எல்லாமா?"

"வீட்டுக்கடன் ஆறு வருஷம் இருக்கு. அது பயமில்ல, தெரிஞ்ச பாக்கி."

அவர் பேனாவை மூடி வைத்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று அவள் கேட்டாள்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்றார் அவர். "முதல் தடவையே சொல்லலையா, அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும் சொல்றது கஷ்டமாயிடுச்சு."

அவள் அந்த வாசற்படியைத் தாண்டிப் போய், மேசை ஓரத்தில் உட்கார்ந்து, மூன்று வருஷத்துக் கணக்கையும் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கொத்தனார் கூலியைக் குறைத்த இடத்தில் சிரித்தார்.

மறுநாள் காலை அங்கே சுவர்தான் இருந்தது. அதற்கப்புறம் ஏழு மணிக்கு எந்தச் சத்தமும் வரவில்லை. ஒரு வாரம் தட்டோடு காத்திருந்து பார்த்தாள். பிறகு சாப்பாட்டைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்த வருஷம் வீட்டு வரி நான்கு அறைக்கு வந்தது. அவள் அந்த நோட்டீஸோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், மூன்றுதான் இருக்கிறது என்றாள். குமாஸ்தா ஆச்சரியப்படவில்லை, அந்தத் தெருவில் அது மூன்றாவது வீடு. அறை போனதற்கென்று தனிப் படிவம் இருந்தது. அவள் நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள், கூடுதலாகப் போட்டிருந்த அபராதத்தைச் சுட்டிக்காட்டி அடிக்கச் சொன்னாள், அவரும் அடித்தார். வசிப்போர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள். அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.