இடுப்புக் கோடுகள்

என் வயிற்றில் ஒன்று, இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஆக மூன்று ஊதாக் கோடுகள். கருப்பை வாயில் புற்று. கதிர்வீச்சு அந்த இடத்தில் மட்டும்தான் விழவேண்டும், நூலளவும் விலகக் கூடாது. அதற்கு அடையாளம்தான் இந்தக் கோடுகள். சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, தேய்க்கக் கூடாது. மொத்தம் இருபத்தைந்து நாள், நடுவில் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் அந்தச் சனியன் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பிவிடுமாம்.

ஜாவாத் தீவின் சுராபாயா நகரத்தில், மருத்துவமனைக்குப் பின்னால் நோயாளிகள் தங்கும் விடுதியில் இருந்தேன். என் கணவர் சார்டி என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அன்றைக்கே எங்கள் ஊர் பச்சித்தானுக்கு பஸ் ஏறிவிட்டார். இந்த நோய் தொட்டால் ஒட்டும் என்று எந்த மகராசனோ அவர் காதில் ஓதியிருக்கிறான். ஒட்டாது என்று டாக்டர் சொன்னபோது நன்றாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். ஐந்து மாதம் ஆகிறது.

தினமும் ஒன்பது மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் குடல் கதிருக்கு விலகி நிற்கும். பத்து மணிக்கு இயந்திரத்தின் அடியில் படுப்பேன். கோடுகளைப் பொருத்திவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள், கனத்த கதவு மூடும். "அசையாதீங்க, இபு" என்று, 'அம்மா' என்கிற மரியாதையோடு, இயந்திரத்தை இயக்கும் ஹெந்த்ரோவின் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வரும். எங்கே அசைவது? என்னிடம் வேறு யாரும் பேசாத நாட்களில் அந்தக் குரலுக்காகவே காத்திருந்தேன்.

பதினான்காம் நாள் சாயங்காலம், விடுதியில் தன் தங்கைக்குத் துணையாக வந்திருந்த வார்சியெம் என்னை உற்றுப் பார்த்தாள்.

"என்ன இபு, முகம் வெளிறிக் கிடக்கு? உடம்புல காத்து புகுந்துடுச்சா?"

"ஆமா" என்றேன்.

"குப்புறப் படுங்க. காசு தேய்ச்சா ஓடிப்போயிடும்."

உடம்புக்கு முடியாவிட்டால் எங்கள் ஊரில் காற்று புகுந்துவிட்டது என்பார்கள்; எந்த நோவுக்கும் காசு தேய்ப்பதுதான் முதல் வைத்தியம். எண்ணெய் தடவி, நாணயத்தின் விளிம்பால் முதுகு சிவக்கச் சிவக்க இழுப்பார்கள். அவள் இழுத்தாள். இடுப்புக்கு வந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நான்தான், "இன்னும் கொஞ்சம் கீழே, பக்கத்துலயும்" என்றேன்.

மறுநாள் ஹெந்த்ரோ என் சட்டையை விலக்கியதும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஐயோ இபு! கோடு எங்கே? முதுகெல்லாம் வரிக்குதிரை மாதிரி இருக்கு!"

"காத்து புகுந்துடுச்சு, தம்பி."

"காத்தைத் துரத்தப் போய்க் கோட்டைத் துரத்திட்டீங்களே! இனி மறுபடி ஸ்கேன் எடுத்து, கணக்குப் போட்டு, கோடு போடணும். மூணு நாள் போச்சு. எங்க சின்னம்மாவும் இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் காசைத் தூக்கிடுவாங்க."

மூன்று நாள்! உள்ளே இருக்கிற அந்தச் சனியனுக்கு நானே விருந்து வைத்துவிட்டேன். உண்மையில் எனக்குக் காற்றும் புகவில்லை, மண்ணாங்கட்டியும் புகவில்லை. என் மேல் ஒரு மனிதக் கை பட வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான். இதை ஹெந்த்ரோவிடம் எப்படிச் சொல்வது?

புதுக் கோடு போட்ட மறுநாள் காலை, சார்டி போன் செய்தார்.

"முடிய மூணு நாள் கூட ஆகும்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து சொன்னாங்க. என்னாச்சு?"

"காசு தேய்ச்சுக்கிட்டேன். கோடு அழிஞ்சுபோச்சு."

"யாரு தேய்ச்சா?"

"இங்கே ஒரு பொம்பளை."

முப்பது வருடம் என் முதுகில் காசு தேய்த்தது அவர் கைதான்.

"அழுத்தித் தேய்ச்சாளா?" என்றார் மெதுவாக. "உனக்கு அழுத்தினா ஆகாதே."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அழுத்தித்தான் தேய்ச்சா. நீங்க வாங்களேன். தேய்க்க வேணாம், சும்மா வந்து பக்கத்துல உட்காருங்க."

அவர் மூச்சு மட்டும் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினேன். குடித்து முடிக்கும்வரை அவரும் போனை வைக்கவில்லை.